பிலிப்பைன்ஸில் விருந்தாளியாக இருப்பது

(மருத்துவம் படிக்க டவாவோ நகருக்குப் புறப்படும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிக் கட்டணம், விசா, விடுதி, திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். நான் பேச வந்தது உங்களை அங்கே வரவேற்கப் போகும் மனிதர்களைப் பற்றி. பிலிப்பைன்ஸ் மக்களின் விருந்தோம்பலைப் பலரும் புகழ்ந்து கேட்டிருப்பீர்கள். அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தவன், அவர்கள் வீடுகளில் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் புகழ் முழுக்க உண்மை. ஆனால் அந்த விருந்தின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பது விருந்தாளியின் கண்ணில் படுவதில்லை. அதையும் தெரிந்துகொண்டு போங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

சரி, முதலில் நல்லதைச் சொல்கிறேன். டவாவோவில் இறங்கிய முதல் வாரத்திலேயே இது நடக்கும். மதிய நேரத்தில் ஏதாவது ஒரு கடைக்கோ அலுவலகத்துக்கோ போவீர்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் டப்பாவைத் திறந்து சோறும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உங்களைப் பார்த்ததும் "காவோன் தா" என்பார். மணிலா பக்கம் போனால் "காயின் தாயோ". சாப்பிட வாருங்கள் என்கிறார். டப்பாவில் இருப்பது ஒருவருக்கான சோறுதான். இருந்தாலும் எதிரே நிற்பவரைக் கூப்பிடாமல் சாப்பிட அவருக்கு மனம் வராது. சிரித்துக்கொண்டே "சலாமத்" என்று நன்றி சொல்லி, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றால் போதும். அவர் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுத் தட்டையும் எடுத்து வைத்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

வீட்டுக்கே அழைத்தால் இன்னும் ஆழமாகப் பார்ப்பீர்கள். அலமாரியில் பூட்டி வைத்திருந்த நல்ல தட்டுகள் உங்களுக்காக வெளியே வரும். மாதக் கடைசியாக இருந்தாலும் ஒரு கார்ன்ட் பீஃப் டின்னாவது திறக்கப்படும். இரவு தங்க நேர்ந்தால் அந்த வீட்டின் ஒரே கட்டில் உங்களுக்கு, வீட்டுக்காரர்கள் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். கிளம்பும்போது மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் தருவார்கள். வேண்டாம் என்றால் பையில் வைத்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடும் பிள்ளைகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பினக்பெட் என்ற காய்கறிக் கூட்டு பார்க்க நம் சமையல் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் இறால் விழுது கலந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த அம்மா உங்களுக்காக எழுந்து போய்த் தனியாகச் சமைப்பார், உங்களால் தடுக்க முடியாது.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1521 மார்ச்சில் மெகல்லனின் கப்பல்கள் ஹொமொன்ஹோன் தீவில் ஒதுங்கின. மாதக்கணக்கில் பசிபிக்கைக் கடந்து பசியாலும் நோயாலும் செத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பக்கத்துச் சுலுவான் தீவு ஆட்கள் படகில் வந்து மீன், வாழைப்பழம், பனைவகைக் கள் ஒரு ஜாடி, இரண்டு தேங்காய் கொடுத்தார்கள். இப்போது இவ்வளவுதான் இருக்கிறது, நாலு நாளில் அரிசியும் தேங்காயும் கொண்டுவருகிறோம் என்று சைகை காட்டினார்கள், சொன்னபடி வந்தார்கள். கப்பலில் இருந்த இத்தாலியர் பிகாஃபெட்டா இதைக் குறித்து வைத்திருக்கிறார். அதே பிகாஃபெட்டாதான் இன்னொன்றையும் எழுதினார். மெகல்லன் இறந்த சில நாட்களில், மே 1 அன்று, செபு அரசர் ஹுமாபோன் மாலுமிகளை விருந்துக்கு அழைத்தார், போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மாலுமிகளும் அதற்குள் விருந்தாளிகளாக மட்டும் நடந்துகொள்ளவில்லை. ஊர்களை மிரட்டியிருந்தார்கள், கொளுத்தியிருந்தார்கள்.

தனி வீடுகளை விடுங்கள், ஒரு நாடாகவே இந்த மக்கள் கதவைத் திறந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1930களின் கடைசியில் ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பிய யூதர்களைப் பெரிய நாடுகள் பலவும் ஏற்க மறுத்தன. பிலிப்பைன்ஸ் அப்போது முழு விடுதலைகூடப் பெறவில்லை, அமெரிக்காவின் கீழ் இருந்தது. அதிபர் மானுவல் கெசோன் அவர்களை வரவேற்றார். சுமார் 1,200 பேர் மணிலாவுக்கு வந்து உயிர் பிழைத்தார்கள். மரிக்கினாவில் தன் சொந்த நிலத்தில் ஒரு பகுதியை அவர்கள் தங்குவதற்கு ஒதுக்கினார் கெசோன். நீங்கள் போகப் போகிற அதே மிண்டனாவோ தீவில் இன்னும் 10,000 பேரைக் குடியேற்றவும் திட்டம் இருந்தது, போர் வந்து அது நடக்காமல் போனது.

1949இல் மறுபடியும். ஷாங்காயில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யர்கள், கம்யூனிஸ்ட் படைகள் நெருங்கியதும் போக்கிடம் தேடினார்கள். அதிபர் எல்பிடியோ கிரினோ வரச் சொன்னார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் துபாபாவ் என்ற சின்னத் தீவில் கூடாரங்களில் தங்கினார்கள். 1945 போரில் மணிலா தரைமட்டமாகி நாலே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் 1980இலிருந்து சுமார் பதினைந்து ஆண்டுகள், பட்டான் மாகாணத்து மோரோங் முகாம் வழியாக வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் ஏறத்தாழ 4 லட்சம் பேர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். பணக்கார நாடாக இருந்து செய்த உதவிகள் அல்ல இவை. இதை நான் தலைவணங்கிச் சொல்கிறேன்.

இனி மறுபக்கம்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காவல் புனிதர் இருக்கிறார், அவருக்கு ஆண்டுக்கொரு ஃபியஸ்டா, அதாவது திருவிழா, நடக்கும். மே 15 அன்று லுக்பானில் நடக்கும் பஹியாஸ் விழாவில் அரிசி மாவில் இலை வடிவ வண்ண அப்பளங்கள் செய்து வீட்டு முகப்பு முழுக்கத் தொங்கவிடுவார்கள், பார்க்கக் கண் போதாது. சின்ன ஊர்களில் ஃபியஸ்டா அன்று கதவுகள் திறந்தே கிடக்கும். நண்பரின் நண்பர், அவர் கூட்டி வந்த முன்பின் தெரியாதவர், எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. முழுப் பன்றி வறுவல், பன்சித் என்ற நூடுல்ஸ், லும்பியா என்ற சுருள் பலகாரம், இனிப்புகள். நாள் கூலிக்குப் போகிற குடும்பமும் இதைக் குறைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பணத்துக்கு எங்கே போவார்கள்? "ஃபைவ்-சிக்ஸ்" என்ற வட்டிக் கடன் இருக்கிறது. 5 பெசோ வாங்கினால் 6 பெசோவாகத் திருப்ப வேண்டும், பெரும்பாலும் ஒரே மாதத்துக்குள், தினத் தவணையாக.

அந்தக் கடனை மோட்டார் சைக்கிளில் வந்து கொடுப்பவர்களிலும் வசூலிப்பவர்களிலும் பலர் நம் நாட்டுக்காரர்கள், குறிப்பாகப் பஞ்சாபிகள். அவர்களை அங்கே "பும்பாய்" என்பார்கள். நாளைக்கு உங்களையும் தெருவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அழுகிற குழந்தையிடம் பும்பாய் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம் காட்டும் தாய்மார்கள் உண்டு. ஒருவர் வீட்டுக்குள் உங்களுக்குக் கட்டிலை விட்டுக்கொடுக்கிற அதே ஊர், தெருவில் உங்களைப் பார்த்து முகம் சுளிக்கலாம். வெள்ளைக்காரர் ஒருவர் போனால் கிடைக்கிற இடமும் கறுத்த பிள்ளை ஒருவன் போனால் கிடைக்கிற இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை, நீங்கள் முதன்முறை அனுபவிக்கும்போது தனியாக இருப்பீர்கள்.

பல நாடுகளில் நடத்தப்படும் உலக விழுமியங்கள் ஆய்வு என்ற கருத்துக்கணிப்பில், பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா என்று கேட்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஆம் என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. முதலில் இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. வாசலுக்குள் வந்தவர் விருந்தாளி, யாரோ ஒருவர் அறிமுகம் செய்து வைத்தவர். வெளியே நிற்பவர் அந்நியர்தான். முகம் தெரிந்த ஒருவருக்காகக் கடன் வாங்கும் மனம், முகம் தெரியாத எல்லாருக்குமான பொதுக் காரியத்துக்கு அவ்வளவு எளிதாக நீள்வதில்லை.

அடுத்து சமையலறைக்கு வாருங்கள். விருந்து நாளில் விடியும் முன்பே எழுந்து வெங்காயம் உரிப்பவர்கள் பெண்கள். கடைசியில் நின்றபடியே சாப்பிடுபவர்களும் அவர்கள்தான். கொஞ்சம் வசதியான வீடென்றால் வேலைக்கு இருக்கும் பெண், கசம்பாஹாய் என்பார்கள், அந்தச் சுமையைத் தூக்குவார். விருந்தாளி தங்குகிற நாளெல்லாம் அவருக்கு ஓய்வு கிடையாது. வீட்டு வேலையாட்களுக்கான சட்டம் 2013இல் வந்தது, தினமும் எட்டு மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஃபியஸ்டா வாரத்தில் அந்தச் சட்டத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஊருக்குத் திரும்பி வருபவர்களின் கதை இன்னும் கனமானது. துபாயிலோ ஹாங்காங்கிலோ உழைக்கும் ஒருவர் விடுமுறைக்கு வந்தால், வரவேற்கப்பட வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர்தான் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும். வெளியூர் போனவர் வெறுங்கையோடு வரக் கூடாது. அத்தை, மாமா, பக்கத்து வீடு, பள்ளித் தோழர்கள் என்று எல்லாருக்கும் பசலூபோங், அதாவது போன இடத்திலிருந்து வாங்கி வரும் பரிசு, ஏதாவது இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களை ஊருக்கு அழைக்கும் திட்டத்தை அன்றைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் அரசு 1973இல் தொடங்கியது. பாலிக்பாயன் என்றால் ஊர் திரும்புபவர், பாலிக்பாயன் பெட்டி என்ற பெரிய அட்டைப் பெட்டி அதையொட்டிப் பரவியது. சாக்லேட், சோப்பு, துண்டு, செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பி ஊருக்கு அனுப்புவார்கள். 2015இல் சுங்கத் துறை அந்தப் பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கப் போவதாகச் சொன்னபோது உலகம் முழுக்க இருந்த தொழிலாளர்கள் கொதித்தார்கள், அரசு பின்வாங்கியது. அவ்வளவு அன்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. கூடவே, கையில் காசு சேரட்டும் என்று ஊருக்குப் போவதையே தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்ற குழந்தையைப் பார்க்கப் போவதற்கும் இத்தனை பேருக்கு விருந்து வைக்கும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலாவில் வருகிறவர்களையெல்லாம் வரவேற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பொராக்காய் தீவு காட்டியது. கழிவுநீர் கடலில் கலந்து, 2018இல் ஆறு மாதம் தீவையே மூட வேண்டி வந்தது. அதன் ஆதிக்குடிகளான ஆத்தி மக்கள், விடுதிகள் பெருகப் பெருகத் தங்கள் மண்ணிலேயே மூலைக்கு ஒதுக்கப்பட்டார்கள்.

இந்தச் சுமைகளுக்கெல்லாம் அந்த மக்களின் நல்ல மனம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்வது அங்கே கூச்சமான காரியம். வந்தவரிடம் இன்று முடியாது என்றால் முகம் போய்விடும். அதனால் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், விருந்தாளிதான் நிறுத்த வேண்டும். பெரும்பாலான விருந்தாளிகள் நிறுத்துவதில்லை, ஆகா எவ்வளவு அன்பான மக்கள் என்று எழுதிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

முகம் தெரியாதவருக்கு நீளாத கை என்று சொன்னேன் அல்லவா? அது நீண்ட ஒரு தருணத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 14, கொரோனா ஊரடங்கு. கெசோன் நகரத்தின் மகின்ஹாவா தெருவில் ஆனா பாட்ரிசியா நோன் என்ற 26 வயதுப் பெண் ஒரு மூங்கில் வண்டியை நிறுத்தி அதில் அரிசி, காய்கறி, டின் உணவு வைத்தார். உன்னால் முடிந்ததைக் கொடு, உனக்குத் தேவையானதை எடு என்று அட்டையில் எழுதி மாட்டினார். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை, பரிமாறவில்லை, பெயர் கேட்கவில்லை. சாதாரண விருந்தில் வாங்கியவருக்கு நன்றிக்கடன் ஒன்று தலையில் ஏறும், அங்கே ஆயுசுக்கும் தீராத கடன் அது. இந்த வண்டியில் அது இல்லை. விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சில நாட்களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் இதே மாதிரி வண்டிகள் நின்றன. அரசுத் தரப்பில் சிலர் இதைக் கம்யூனிஸ்ட் வேலை என்று சந்தேகித்தார்கள், போலீஸ் விசாரித்தது, பாதுகாப்புக்காக அவர் ஒரு நாள் நிறுத்தி வைத்தார், பிறகு மறுபடி திறந்தார். பிலிப்பைன்ஸ் விருந்தோம்பலில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் பன்றி வறுவல் வைத்த பந்தியைச் சொல்ல மாட்டேன், அந்த மூங்கில் வண்டியைத்தான் சொல்வேன்.

கடைசியாக, பிள்ளைகளே, உங்களால் செய்ய முடிகிறவை. ஃபியஸ்டாவுக்குக் கூப்பிட்டால் போங்கள், போகாமல் இருந்தால் வருத்தப்படுவார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். ஐந்து கிலோ அரிசியோ பழமோ வாங்கிக்கொண்டு போங்கள், நேராகச் சமையலறையில் கொடுங்கள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவ எழுந்திருங்கள், விட மாட்டார்கள், இருந்தாலும் எழுந்திருங்கள். ஒரே வீட்டுக்கு அடிக்கடி போக நேர்ந்தால் ஏதாவது காரணம் சொல்லி இடைவெளி விடுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் உறையில் பணம் வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பல நாள் கண் விழித்து வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுக்கிற குடும்பம் அது, மறக்காமல் கொடுங்கள்.

அப்புறம், விடுதியில் சனிக்கிழமைகளில் நீங்களே சமைப்பீர்கள். எலுமிச்சை சாதமோ சாம்பாரோ, எதுவாக இருந்தாலும் இரண்டு தட்டு கூடுதலாகச் செய்யுங்கள். வாசலில் நிற்கும் காவலரைக் "குயா" என்று கூப்பிடுங்கள், தரை துடைக்கும் பெண்ணை "ஆத்தே" என்று கூப்பிடுங்கள், அண்ணன், அக்கா என்கிற முறைதான். முதல் தடவை வயிறு நிறைந்திருக்கிறது என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, நீங்கள் பரிமாறுங்கள்.

நன்றி, வணக்கம்.