ஆபிரகாம் தூங்கிக்கொண்டிருந்தபோது

(வடசென்னை ராயபுரத்தில், மே மாதத்தில் நடந்த ஒரு சபைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே, உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் ஒரு வசன அட்டை தொங்குகிறது. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்தமாக எடுத்தது. உபாகமம் 28-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். அட்டையை யாரும் கழற்ற வேண்டாம். ஆனால் இன்று வீட்டுக்குப் போனதும் அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். மொத்தம் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம். மீதி 54 வசனமும் சாபத்தைப் பற்றியது. கட்டளைகளைக் கைக்கொண்டால் அது, கைக்கொள்ளாவிட்டால் இது. இந்த நிபந்தனை அட்டையில் அச்சாவதில்லை. நம் மனதுக்குள் மட்டும் பயமாக உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பயத்தை நான் பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா ஆராதனை முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தார். இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஏலம் எடுக்க மீன் இல்லை, கூடையில் வைக்க ஒன்றும் இல்லை. அவர் கேட்டது இதுதான்: "பாஸ்டர், போன மாசம் தசமபாகம் எடுத்து வைக்கல. பையனுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது. அதனாலதானா?"

இல்லை அம்மா, அதனால் இல்லை, பையனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். ஜெபித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அவராக யோசித்துக் கேட்டதல்ல. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காதவர்களுக்குச் சாபம் என்று பேசுகிற மல்கியா மூன்றாம் அதிகாரத்தைப் பிரசங்க மேடைகளில் நாம் வாசித்த விதம்தான் அவரை அப்படிக் கேட்க வைத்தது. ஒரு தாயின் மடியில் காய்ச்சலோடு பிள்ளை கிடக்கும்போது, தேவன் பாக்கி வசூலிக்க வந்திருக்கிறார் என்று அவளை நினைக்க வைப்பது சுவிசேஷமே அல்ல.

பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். ஆபிரகாமுக்கு ஆசீர்வாதம் எப்போது கிடைத்தது? சீனாய் மலையில் நியாயப்பிரமாணம், அதாவது அந்தக் கட்டளைகள், வருவதற்கு 430 வருஷம் முன்பே. மனிதர்கள் உறுதி செய்த உடன்படிக்கையிலேயே பிறகு யாரும் எதையும் கூட்ட முடியாது என்கிறார் அவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பதிவாகிவிட்ட தானப் பத்திரத்தில் பேரன் காலத்தில் வந்து புது நிபந்தனை எழுத முடியுமா?

அந்தப் பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்று ஆதியாகமம் 15-ஐப் பாருங்கள். மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைத்து, நடுவே நடந்து போய் உடன்படிக்கை செய்வது அக்காலத்து வழக்கம். 'நான் வாக்குத் தவறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கும் ஆகட்டும்' என்று அதற்கு அர்த்தம். ஆபிரகாம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார், வந்த பறவைகளைத் துரத்தினார். பொழுது சாய்ந்தது, அயர்ந்து தூங்கிவிட்டார். இருட்டினபிறகு புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோயின. கடந்துபோனது தேவன் மட்டும்தான். ஆபிரகாம் ஒரு அடிகூட வைக்கவில்லை. அவர் செய்தது ஒன்றே: நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அதற்கப்புறமும் கேராரில் மனைவியைத் தங்கை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். வாக்குத்தத்தம் ரத்தாகவில்லை.

சரி, அந்த 54 வசனத்துச் சாபம் எங்கே போனது? அது காற்றில் கரைந்துவிடவில்லை. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" என்று பவுல் எழுதுகிறார். சிலுவையில் அவர்மேல் விழுந்தது, முடிந்தது. இப்படி அவர் தீர்த்த கணக்கை ஒரு பிள்ளையின் காய்ச்சலில் நாம் மறுபடி திறக்கலாமா?

பவுலே மூன்று முறை கப்பற்சேதத்தில் மாட்டியவர். பசி, தாகம், குளிர் எல்லாம் பட்டவர். நஷ்டம்தான் சாபத்துக்கு அடையாளம் என்றால் முதலில் அவரைத்தான் சபிக்கப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசக்கும். பயத்துக்கு மட்டுமல்ல, பெருமைக்கும் கிருபை இடம் கொடுக்காது. பேதுரு நம்மைப்போல் வலை இழுத்தவர். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சகஜமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். சாப்பாட்டுப் பந்தியில் தனியாக உட்கார்ந்தது அவருக்குச் சுவிசேஷத்தையே மறுப்பதாகத் தெரிந்தது.

தமிழ்ச் சபைகளில் அந்தத் தனிப் பந்தி எத்தனை காலம் நடந்தது! 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விடவேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கூலி இல்லாமல் இலவசமாக இரட்சிக்கப்பட்டேன் என்று பாடிவிட்டு, பக்கத்தில் உட்கார்கிறவரின் பிறப்பை விசாரிப்பது எப்படிச் சரியாகும்? இன்றைக்கும் கல்யாணப் பேச்சு வந்தால் நமக்குள் என்ன கேட்கப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் காணிக்கை வேண்டாமா என்று பொருளாளர் என்னைப் பார்க்கிறார். வேண்டும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறது. அந்த வசனம் எழுதப்பட்ட சூழ்நிலையையும் பாருங்கள். எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் ஊர் ஊராகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அதே வழியில் நாமும் செய்வோம். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜூன் 14 வரை ஞாயிறு காணிக்கையில் ஒரு பங்கை, படகு நிற்கிற வீடுகளுக்கு அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் கொண்டுபோய்க் கொடுப்போம். யார் தசமபாகம் கொடுத்தவர், யார் கொடுக்காதவர் என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டாம். பெயர்களை இன்று இரவே என்னிடமோ மூப்பர்களிடமோ சொல்லுங்கள்.