பாட்டியின் ஓய்வூதியமும் அயர்லாந்தின் எல்லைக்கோடும்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அயர்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2011 உலகக் கோப்பைதான். மார்ச் 2, பெங்களூரு சின்னசாமி மைதானம். இங்கிலாந்து 327 ஓட்டம் எடுத்துவிட்டது, அயர்லாந்துக்கு 111 ஓட்டத்தில் 5 விக்கெட் போய்விட்டது, இனி என்ன இருக்கிறது என்று நான் எழுந்து சாப்பிடப் போன பிறகு கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதம் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். கெவின் டப்ளின்காரர், அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தவர். அன்றைய கேப்டன் வில்லியம் போர்ட்டர்ஃபீல்ட் வட அயர்லாந்தில் பிறந்தவர், அது இன்றைக்கும் பிரிட்டன் அரசின் கீழ் இருக்கும் பகுதி. கால்பந்துக்கு இரண்டு அணி உண்டு, கிரிக்கெட்டுக்கு முழுத் தீவுக்கும் ஒரே அணி. ரக்பியிலும் ஒரே அணிதான், ஆனால் எந்தத் தேசிய கீதத்தைப் பாடுவது என்பதில் சங்கடம் வந்து, இரு தரப்பும் சேர்ந்து பாடுவதற்கென்றே 1995-ல் ஒரு புதுப் பாட்டு எழுத வைத்தார்கள்.

நான் நாலு வருஷம் நியூரி என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தேன். பெல்ஃபாஸ்டில் இருந்து டப்ளின் போகிற வழியில், எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் அது. எல்லை என்றதும் வாகா மாதிரி கேட்டும் துப்பாக்கியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தடவை பஸ்ஸில் தெற்கே போனேன். ஒன்றுமே இல்லை. சாலை ஓரக்கோடு வெள்ளையில் இருந்து மஞ்சளாக மாறியது, வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது, ஃபோனுக்கு வேறு நெட்வொர்க் பெயருடன் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான், நாடு மாறிவிட்டது. சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையை 200-க்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன. அதே எல்லையில் முப்பது வருஷத்துக்கு முன்னால் குன்றுகளின் மேல் ராணுவக் கண்காணிப்புக் கோபுரங்கள் நின்றன, பல சின்னச் சாலைகளை ராணுவம் குண்டு வைத்தும் கான்கிரீட் போட்டும் மூடி வைத்திருந்தது. இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் இருப்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்: அந்தத் தீவு மறுபடி ஒரே நாடாக வேண்டுமா, ஆகுமென்றால் எப்படி.

வரலாறு கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அயர்லாந்து முழுவதும் பிரிட்டனின் கீழ் இருந்த காலத்தில் ஹோம் ரூல், அதாவது உள்நாட்டு ஆட்சியைத் தாங்களே நடத்தும் உரிமை, கேட்டார்கள். இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது, அன்னி பெசன்ட் 1916-ல் சென்னையில் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது அந்தப் பெயரை அங்கிருந்துதான் எடுத்தார், அவருடைய பூர்வீகமும் அயர்லாந்துதான். ஆனால் தீவின் வடக்கில் பல தலைமுறையாக வாழ்ந்த புராட்டஸ்டண்ட் மக்களில் பெரும்பாலோருக்கு டப்ளின் ஆட்சி என்றால் பயம். 1912-ல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை வழிநடத்திய எட்வர்ட் கார்சன் யார் என்று பார்த்தால், டப்ளினில் பிறந்தவர். அவர் தடுக்க நினைத்தது ஹோம் ரூலை, தீவு துண்டாக வேண்டும் என்பது அவருடைய ஆசை இல்லை. 1918 தேர்தலில் தனிநாடு கேட்ட ஷின் ஃபேன் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐப் பிடித்தது. அதற்குப் பிறகும் லண்டன் 1920-ல் சட்டம் போட்டு 1921-ல் தீவைப் பிரித்தது. அல்ஸ்டர் மாகாணத்தில் 9 மாவட்டங்கள் உண்டு, அதில் 6-ஐ மட்டும் வட அயர்லாந்து என்று பிரிட்டனோடு வைத்துக்கொண்டார்கள், காரணம் ஒன்பதையும் எடுத்தால் புராட்டஸ்டண்ட் பெரும்பான்மை மெலிந்துவிடும். விட்டுப்போன மூன்றில் டொனிகல் ஒன்று. தீவின் வடகோடி முனையே டொனிகலில்தான் இருக்கிறது, ஆனால் அரசியலில் அது "தெற்கு".

அப்புறம் நடந்தது இரண்டு பக்கமும் வருத்தமானது. வடக்கில் கத்தோலிக்கர்களுக்கு வீடு, வேலை, ஓட்டு எல்லாவற்றிலும் பாகுபாடு. டெரி நகரில் கத்தோலிக்கர்களே அதிகம், ஆனால் வார்டு எல்லைகளை வளைத்து வளைத்துப் போட்டு நகர சபையை மற்றவர்கள் கையில் வைத்திருந்தார்கள். தெற்கில் திருச்சபையின் பிடி, விவாகரத்துக்கு அரசியல் சாசனத்திலேயே தடை, 1995-ல் பொது வாக்கெடுப்பு வைத்துத்தான் அது நீங்கியது. வடக்கில் ஒரு பாட்டிக்கு "டப்ளின் என்றால் பாதிரியார் ஆட்சி" என்ற பயம் இருந்திருந்தால் அது வெறும் வெறுப்பு என்று என்னால் தள்ள முடியவில்லை. 1968-ல் சிவில் உரிமை ஊர்வலங்கள், 1972 ஜனவரி 30-ல் டெரியில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு அன்றே 13 பேர் செத்தது, ஒன்றான அயர்லாந்து கேட்டு ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகள், எதிர்த்தரப்பு ஆயுதக் குழுக்களின் கொலைகள் என்று முப்பது வருஷத்தில் சுமார் 3,500 உயிர்கள் போயின. அந்த நகரின் பெயரே சண்டைதான், ஒரு தரப்புக்கு டெரி, இன்னொரு தரப்புக்கு லண்டன்டெரி. அங்கே வானொலியில் இருந்த ஜெரி ஆண்டர்சன் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதுவதை வைத்து "ஸ்ட்ரோக் சிட்டி" என்று ஒரு பெயர் சொன்னார், அது நிலைத்துவிட்டது.

சரி, 1998-க்கு வருவோம். ஏப்ரல் 10-ல், அந்தச் சண்டையை முடித்து வைக்கப் போட்ட பெரிய வெள்ளி ஒப்பந்தம். மே 22-ல் வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். மறுஇணைப்பைப் பற்றி அது சொல்வதை எளிமையாகச் சொல்கிறேன்: வடக்கில் பெரும்பான்மை விரும்பும் வரை வட அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கும், விரும்பினால் பிரிந்து தெற்கோடு சேரலாம், தெற்கும் தனியே சம்மதிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும்.

வாக்கெடுப்பை அறிவிப்பது யார்? லண்டன் அரசில் வட அயர்லாந்துக்கென்று இருக்கும் அமைச்சர். பெரும்பான்மை மறுஇணைப்பை ஆதரிக்க வாய்ப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு வைத்தே ஆக வேண்டும், ஒன்று வைத்தால் அடுத்ததற்குக் குறைந்தது 7 வருஷம். எதைப் பார்த்து அவருக்குத் தோன்ற வேண்டும்? கருத்துக்கணிப்பா, தேர்தல் முடிவா, மக்கள்தொகைக் கணக்கா? சட்டத்தில் ஒரு வரி இல்லை. அளவுகோலை வெளியிடச் சொல்லி ஒருவர் வழக்கே போட்டார், அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரு தீவின் தலைவிதியை, அந்தத் தீவில் ஒரு ஓட்டுக்கூட வாங்காத ஒருவரின் மனதில் பூட்டி வைத்துவிட்டு, சாவி எந்த மாதிரி இருக்கும் என்றுகூடச் சொல்ல மாட்டோம் என்பது நியாயமில்லை. மறுஇணைப்பு கேட்பவர்கள் அதனால் ஒவ்வொரு தேர்தலையும் அறிகுறியாகப் பார்க்கிறார்கள், எதிர்ப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலையும் ஆபத்தாகப் பார்க்கிறார்கள், நடுவில் குப்பைவரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாரும் ஓட்டுப் போட முடியவில்லை.

எண்ணிக்கை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். 2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5. பிரிக்கப்பட்டதே புராட்டஸ்டண்ட் பெரும்பான்மைக்காக, அது நூறு வருஷத்தில் போய்விட்டது. 2022 தேர்தலில் ஷின் ஃபேன் 27 இடங்களோடு முதல் கட்சி ஆனது, 2024 பிப்ரவரியில் அந்தக் கட்சியின் மிஷெல் ஓ'நீல் வட அயர்லாந்தின் முதல்வரானார், பிரிவினையை ஏற்காத ஒரு கட்சியில் இருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர். ஆனால் கத்தோலிக்கர் என்றால் மறுஇணைப்புக்கு ஓட்டு என்று கணக்குப் போடக் கூடாது. அதே கணக்கெடுப்பில் பிரிட்டிஷ்காரர் மட்டும் என்றவர்கள் 31.9, ஐரிஷ்காரர் மட்டும் 29.1, "வட அயர்லாந்துக்காரர்" மட்டும் என்றவர்கள் 19.8. நான் பார்த்த பெரிய கருத்துக்கணிப்புகளில் வடக்கில் பிரிட்டனோடு இருப்பதே இன்னும் முன்னால் இருக்கிறது, தெற்கில் மூன்றில் இரண்டு பங்கு மறுஇணைப்பு பக்கம். ஆனால் அதே தெற்கத்திக்காரர்களிடம் புதுக் கொடி, புதுக் கீதம் சம்மதமா என்று கேட்டால் பெரும்பாலோர் பின்வாங்குகிறார்கள். இதை நான் அதிகம் யோசித்தேன். அந்தக் கொடியில் பச்சை ஒரு தரப்புக்கு, ஆரஞ்சு இன்னொரு தரப்புக்கு, நடுவில் வெள்ளை இருவருக்கும் இடையிலான சமாதானத்துக்கு என்றுதான் உருவாக்கினார்கள், அந்த ஆரஞ்சுக்கு உரியவர்களின் பேட்டைகளில் ஜூலை 11 ராத்திரி சொக்கப்பனை மாதிரி அடுக்கி எரிக்கும் கட்டைகளின் உச்சியில் அதே கொடியைக் கட்டிக் கொளுத்துகிறார்கள்.

பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது, இதை எல்லாம் தட்டி எழுப்பிவிட்டது. 2016-ல் வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டார்கள், இருந்தும் வெளியே வர வேண்டியதாயிற்று. தீவு இணைந்தால் வடக்கும் தானாகவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்துவிடும் என்று 2017 ஏப்ரலில் ஐரோப்பியத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அதனால் இதுவரை இதைப் பற்றி நினைக்காதவர்களும் நினைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பிரெக்ஸிட் எனக்குச் சொன்ன பாடம் வேறு. என்ன கிடைக்கும் என்று எழுதி வைக்காமல் ஆம் இல்லை என்று கேட்டார்கள், வந்த பதிலுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கப் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். அயர்லாந்தில் அப்படிச் செய்தால் சேதம் நாடாளுமன்றத்தோடு நிற்காது.

ஷேமஸ் மாலன் என்று ஒரு தலைவர் இருந்தார், தேசியவாதி, 1998-க்குப் பின் வந்த அரசில் துணை முதல்வர். வாழ்நாள் முழுக்க ஒன்றான அயர்லாந்தை விரும்பியவர். அவரே கடைசிக் காலத்தில், வெறும் 50-ஐத் தாண்டினால் போதாது, ஒன்றியவாதிகளிலும், அதாவது பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்களிலும், கணிசமானவர்கள் சம்மதிக்கும் வரை காத்திருக்கலாம் என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம், ஆனால் இதில் உடன்பாடில்லை. பிரிட்டனோடு இருக்க 50 போதும், பிரிய மட்டும் அதிகம் வேண்டும் என்றால் ஒருத்தருடைய ஓட்டு இன்னொருத்தர் ஓட்டைவிடக் கனமாகிவிடும், பிரித்தபோது யாரும் அப்படி எடை பார்க்கவில்லை. எதிர்த்தரப்பில் பீட்டர் ராபின்சன், ஒன்றியவாதிகளின் டி.யூ.பி. கட்சியின் முன்னாள் தலைவர், முதல்வராகவும் இருந்தவர், 2018-ல் தன் மக்களிடமே சொன்னார்: என் வீடு தீப்பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் இன்ஷூரன்ஸ் போடுகிறேன், அதுபோல நாமும் தயாராக இருக்க வேண்டும் என்று. அவருக்குச் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வந்தது. இரண்டு பேரும் தொட்டது ஒரே இடத்தை, தோற்கப்போகிறவர்களின் மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பதை.

பணத்துக்கு வருகிறேன். லண்டன் வருஷத்துக்குச் சுமார் 1,000 கோடி பவுண்டு வட அயர்லாந்துக்குப் பற்றாக்குறை நிரப்புகிறது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. டப்ளின் பொருளாதார அறிஞர்கள் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டும் எட்கர் மார்கன்ராத்தும் 2024-ல் போட்ட மதிப்பீட்டில் இணைந்தால் தெற்குக்கு வருஷம் 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை செலவு. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஜான் டாயில் அதெல்லாம் மிகை என்கிறார்; அந்தப் பற்றாக்குறைக்குள் பிரிட்டனின் ராணுவச் செலவு, பிரிட்டன் கடனின் பங்கு, ஓய்வூதியம் எல்லாம் அடங்கியிருக்கிறது, அதை ஏன் புது நாடு சுமக்க வேண்டும் என்று கேட்கிறார். ஓய்வூதியம் யார் தருவார்கள் என்ற ஒரே கேள்வியில் பல நூறு கோடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்கிறது.

நான் பார்த்துக்கொண்ட பாட்டி ஒருவர் இருந்தார், எண்பத்தாறு வயது, லினன் ஆலையில் வேலை பார்த்தவர், புராட்டஸ்டண்ட், படுக்கைக்குப் பக்கத்தில் மகாராணி படம். தெற்கில் டாக்டரைப் பார்க்கப் பலர் கையில் இருந்து பணம் கொடுக்க வேண்டும், வடக்கில் இலவசம், இது அவருக்கு நன்றாகத் தெரியும். கால் நரம்புக்கு மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டெடுப்பு என்ற பேச்சு வரும். பாட்டி, வந்தால் என்ன போடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். என் பென்ஷன் எந்த ஊரில் இருந்து வரும், இந்த மாத்திரைக்கு யார் காசு கொடுப்பார்கள், நான் செத்தால் நான் பிரிட்டிஷ்காரியாகச் சாவேனா, இதை யாராவது எழுதிக் கொடுத்தால் படித்துப் பார்க்கிறேன் என்றார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரியாது. 1998 ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவோ ஐரிஷ் குடிமக்களாகவோ இரண்டாகவுமோ இருக்கலாம், ஆட்சி கை மாறினாலும் அந்த உரிமை மாறாது. இவ்வளவு பெரிய உறுதிமொழி கையில் இருந்தும் அந்தப் பாட்டியிடம் அதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, மறுஇணைப்பு கேட்கும் கட்சிகளும் சொல்லவில்லை, எதிர்க்கும் கட்சிகளும் சொல்லவில்லை. மற்ற இரண்டு கேள்விக்கும் இன்றுவரை எந்த அரசும் எழுத்தில் பதில் தரவில்லை. நான் ஊர் திரும்பும்போது அவருடைய கட்டிலில் வேறொருவர் இருந்தார், அவரும் ஆலைத் தொழிலாளிதான், கத்தோலிக்கர், சுவரில் போப் படம், அதே நரம்பு மாத்திரை. அவரும் பென்ஷனைப் பற்றித்தான் கேட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.