சூழல் தெரியாத கணினி தொல்லைதானுங்க

நடுவர் அவர்களே, பொள்ளாச்சிப் பெரியோர்களே, வணக்கமுங்க. ‘எங்கும் கணினி, அதாவது அன்றாடப் பொருளிலெல்லாம் ஒரு சின்னக் கணினி, இருந்தாலே போதும், அது நம்ம சூழலையெல்லாம் அறிய வேண்டியதில்லை’ என்று எதிரணித் தம்பி அடித்துப் பேசிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அவர் சொன்னபடியே வைத்துக்கொள்வோம்.

தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் கார்டு போட்டாச்சு. வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை என்றால்? தண்ணீர் இல்லாமலே ஓடிச் சூடேறி மோட்டார் கருகும், அப்புறம் குழாயோடு மேலே தூக்க ஆள், வண்டி, காயில் கட்டும் கூலி என்று செலவு எங்கே போய் நிற்கும் என்பது இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தென்னந்தோப்புக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் ஏறாதபோது மோட்டார் இழுக்கிற மின்சாரம், அதாவது ஆம்பியர், குறையுமுங்க. நல்ல ஸ்டார்ட்டர் அதைக் கவனித்துத் தானே நிறுத்திவிடும், மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போனாலும் நிறுத்தும். தம்பி வேண்டாம் என்கிற சூழல் அறிதல் இதுதான்!

இது நான் கண்டுபிடித்த வாதமில்லை. எங்கும் கணினி என்ற கனவை 1991இல் எழுதிவைத்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்து மார்க் வைசரே, தான் எந்த அறையில் இருக்கிறோம் என்று கணினிக்குத் தெரிந்தாலே போதும், செயற்கை நுண்ணறிவு துளியும் இல்லாமல் அது இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் என்றார். உங்கள் போனும், காதில் வைத்ததும் திரையை அணைக்கிறதே, அதற்கு என்ன பெரிய மூளையா வேண்டும்? ஒரு சின்ன உணரி போதும்.

‘சூழலை அறிகிற கணினி நம்மை வேவு பார்க்குமே’ என்றும் எதிரணித் தம்பி கேட்டார். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தார் 1992இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட ஆக்டிவ் பேட்ஜ் என்ற அடையாள வில்லை, சட்டையில் மாட்டிக்கொண்டால் அகச்சிவப்பு ஒளியில் அடையாளக் குறி அனுப்பும், ஆள் இருக்கும் அறையைப் பார்த்துப் பக்கத்துப் போனுக்கு அழைப்பைத் திருப்பலாம். வசதிதான், ஆனால் ஆள் டீ குடிக்கப் போனதும் ஊருக்கே தெரியும். அந்தக் கோளாறு, அறிந்த தகவல் யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. அறிவதையே நிறுத்தச் சொன்னால் எப்படி? நம்ம ஸ்டார்ட்டர் ஆம்பியரைப் பார்ப்பதும், முடிவெடுப்பதும், மோட்டாரை நிறுத்துவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிகிறது, நிறுத்தியாச்சு என்று சொந்தக்காரருக்கு மட்டும் ஒரு மெசேஜ் வருகிறது. இதில் யாரை, யார் வேவு பார்த்தார்கள் என்று எதிரணி சொல்லட்டுமுங்க.