மும்பையின் காலநிலைத் திட்டமும் நம் குடியிருப்புச் சங்கங்களும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

மும்பையில் செம்பூரிலும் கோவண்டியிலும் வசிப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ஜனவரி மாதம் மறந்திருக்காது. தேவ்னார் குப்பைமேடு பற்றி எரிந்து, அதன் புகை நாள்கணக்கில் நம் தலைக்கு மேல் படிந்து நின்றது, பள்ளிகள் மூடப்பட்டன, செயற்கைக்கோள் எடுத்த படத்திலும் அந்தப் புகை தெரிந்தது. நான் அப்போது வேதியியல் ஆசிரியையாகப் பணியாற்றி வந்தேன். பள்ளி திறந்ததும், அந்த நெருப்பு ஏன் லேசில் அணையவில்லை என்று மாணவர்கள் கேட்டார்கள். 1927 முதல் அங்கே கொட்டப்பட்டு வரும் குப்பையின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது என்றும், அது எரியும் தன்மை கொண்டது என்றும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அந்தச் சோற்றில் என் வீட்டுச் சோறும் உண்டு என்ற எண்ணம் அன்று எனக்கு எழவில்லை.

மீத்தேன் எரியாமல் காற்றில் கலந்தாலும் கேடுதான். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் இந்நகரம் வெளியேற்றிய, பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயுக்கள் சுமார் 2 கோடியே 34 லட்சம் டன் என்று அது கணக்கிட்டது. அதில் 72 விழுக்காடு கட்டடங்களும் தொழிலகங்களும் பயன்படுத்தும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வருவது. 20 விழுக்காடு போக்குவரத்து. 8 விழுக்காடு கழிவு. இந்த வெளியேற்றத்தை 2030க்குள் 30 விழுக்காடு குறைத்து, 2050க்குள் நிகர பூஜ்ஜியத்தை, அதாவது வெளியேற்றும் வாயுவும் திரும்ப உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலையை, எட்டுவது இலக்கு. திட்டம் வெளிவந்த அதே மாதத்தில்தான் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நகரம் அரசு நியமித்த நிர்வாக அதிகாரியின் கீழ் இருந்தது. எங்கள் வார்டில் இத்திட்டம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்பதற்கு, நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. ஆகவே, குடிமக்கள் இதில் பங்கேற்க வேண்டும் என்று சொல்பவர்கள், எந்த இடத்தில் உட்கார்ந்து பங்கேற்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அந்த இடம் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம். பம்பு, லிஃப்ட், மொட்டை மாடி, குப்பைத்தொட்டி ஆகிய நான்கைப் பற்றியும் முடிவெடுக்கும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்குத்தான் இருக்கிறது.

வெறும் 8 விழுக்காட்டுக்காகக் குப்பையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்சாரம் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் உற்பத்தியாகிறது. அதை நிலக்கரியிலிருந்து மாற்றுவது நம் கையில் இல்லை. ஈரக் கழிவோ முழுவதும் நம் கையில் இருக்கிறது. மும்பைக் குப்பையில் பெரும்பகுதி உணவுக் கழிவுதான். அதோடு, குப்பைக்காகக் கூடிப் பேசிக் கணக்கு வைத்துப் பழகிய கட்டடம்தான் பிறகு மொட்டை மாடியைப் பற்றியும் பேசும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் 48 வீடுகள். ஓலா கச்ரா, சுகா கச்ரா (ஈரக் குப்பை, உலர் குப்பை) என்று பிரித்துக் கொடுக்கச் சங்கம் முடிவு செய்தபோது எதிர்ப்பு அதிகமில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்த கூட்டத்தில், குப்பையை உண்மையில் கையால் தொடுகிறவர்கள் யாரும் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கும், படிதோறும் வாளியோடு ஏறி இறங்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் சுற்றறிக்கை போகவில்லை. போயிருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களை உட்கார வைத்து, மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் பேசிய பிறகே பிரிப்பு ஒழுங்காயிற்று.

அது நான்கு மாதம்கூட நிலைக்கவில்லை. ஒரு நாள் காலை, குப்பை எடுக்க வந்த வண்டியில் ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒன்றாகக் கொட்டுவதை மூன்றாம் மாடிப் பெண்மணி ஒருவர் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார். அடுத்த வாரமே பாதி வீடுகள் பிரிப்பதை நிறுத்திவிட்டன. அவர்களை நான் குறை கூற மாட்டேன். தான் செய்த வேலை வீணாவதைக் கண்ணெதிரே பார்த்தவரிடம் பூமி வெப்பமடைவதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவது முறையாகாது. பிரித்த குப்பையைப் பிரித்தே எடுத்துச் செல்வது மாநகராட்சியின் கடமை. அதைச் செய்யாமல் மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஈரக் கழிவை வெளியே அனுப்பாமல் இங்கேயே உரமாக்குவோம் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வந்தது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாகும் பெரிய வளாகங்கள் தாமே அதைப் பதப்படுத்த வேண்டும் என்று மாநகராட்சி 2017இல் அறிவித்தபோது, எங்கள் கட்டடம் அந்த அளவுக்குள் வரவில்லை, எனினும் தொடங்கினோம். ஒவ்வொரு அடுக்குக் கழிவுக்கும் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட வேண்டும். வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். மீத்தேனுக்கு மணம் கிடையாது. ஆனால் தொட்டி நாறினால், உள்ளே காற்று இல்லை, தேவ்னாரில் நடப்பதே இங்கேயும் நடக்கிறது என்று பொருள். ஃபில்டர் காப்பியின் சக்கை நன்றாக மக்கும். தேங்காய் ஓடு மக்குவதற்குள் பொறுமை போய்விடும், அதைத் தனியே எடுத்துவிடுவது நல்லது. தினமும் எத்தனை கிலோ உள்ளே போயிற்று என்று எங்கள் வாட்ச்மேன் எடை போட்டு லிஃப்ட் அருகே எழுதி வைத்தார். நின்றுபோன வீடுகளைத் திரும்பக் கொண்டுவந்தது அந்தப் பலகைதான் என்று நினைக்கிறேன்.

இதைப் பேசும்போது கோவண்டி சிவாஜி நகர் என் நினைவைவிட்டு அகல்வதில்லை. குளிர்சாதனமோ காரோ இல்லாத அந்த வீடுகள் வெளியேற்றும் வாயு மிகக் குறைவு. ஆனால் நகரத்தின் குப்பைமேடு அவர்கள் வாசலில் இருக்கிறது. குறைக்க வேண்டிய கடமை முதலில், ஒரு வீட்டில் மூன்று ஏசி வைத்திருப்பவர்களுடையது. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினாலே அதன் மின்செலவு ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சங்கக் கூட்டத்தில் வாக்கு இல்லை என்பதும் ஒரு குறை. அவர்களையும் அழைத்துப் பேசவிடுவதற்குச் சட்டம் தடையாக இல்லை.

மகாராஷ்டிரத்தில் சங்கங்கள் ஆண்டுப் பொதுக்குழுவைச் செப்டம்பர் 30க்குள் கூட்டியாக வேண்டும். எங்கள் நிகழ்ச்சி நிரலில் இம்முறை மொட்டை மாடிச் சூரிய மின்சாரம் இடம்பெற்றிருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பொதுப் பயன்பாட்டுக்காக நிறுவும் சங்கங்களுக்கு மத்திய அரசு 2024 முதல் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது. பம்பும் லிஃப்டும் படிக்கட்டு விளக்கும் அதில் ஓடக்கூடும். மேல்மாடிக் குடும்பத்தினர், தளத்தில் துளையிட்டால் மழைக்காலத்தில் ஒழுகும் என்று அஞ்சுகிறார்கள். மும்பை மழையை அறிந்தவர்கள் அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த மாட்டார்கள். எனவே, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சின் செலவை அந்தக் குடும்பத்தின் மேல் சுமத்தாமல் 48 வீடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை நான் முன்மொழியப் போகிறேன்.

வணக்கம்.