தலை மாறிய செப்புத்தகடு

நேயர்களுக்கு வணக்கம். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசரை நேரில் காணாத பெரும்பாலோர், அவரை நாணயங்களிலும், செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட உருவப்படங்களிலும்தான் கண்டனர். அப்படங்களில் வண்ணம் கிடையாது. இயசேந்த் ரிகோ 1701இல் தீட்டிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஓவியத்தைப் பியர் த்ரெவே பின்னர் தகட்டில் செதுக்கியபோது, அரசவையில் உயர்குடியின் அடையாளமாயிருந்த, காலணியின் சிவப்புக் குதிகால் கறுப்பு மையில் தன் சிவப்பை இழந்தது. ஆனால் தலைகீழாக ஊன்றிய செங்கோலும், மெத்தைமேல் வைத்த மகுடமும், அல்லிமலர் பொறித்த மேலங்கியின் கனமும் கோடுகளாலேயே உருப்பெற்று நின்றன.

இத்தகைய சின்னங்கள் யாருக்கு உரியவை என்ற கேள்விக்கு, பியர் லொம்பார் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1650களில் லண்டனில் செதுக்கிய ஒரு தகடு விந்தையான விடை தருகிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸைக் குதிரைமேல் காட்டி வான் டைக் 1633இல் தீட்டிய ஓவியமே அதற்கு மூலம். அந்த மன்னரோ 1649இல் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். லொம்பார் அதே குதிரையையும் கவசத்தையும் தளபதிக்கோலையும் செதுக்கி, சேணத்தில் அமர்த்தியதோ, மன்னரின் மரண ஆணையில் கையொப்பமிட்ட ஒலிவர் கிராம்வெலை!

கதை அத்துடன் முடியவில்லை. செம்பில் பதிந்த கோடுகளைச் சுரண்டி, தேய்த்து மெருகேற்றி, பின்புறம் தட்டிச் சமப்படுத்தினால் அந்த இடத்தில் மீண்டும் செதுக்கலாம். அவ்வாறே இத்தகட்டில் தலை மாறிக்கொண்டே இருந்தது: கிராம்வெல், பதினான்காம் லூயி, சார்லஸ் என மூவரும் ஒரே உடலில் அமர்ந்தனர். தலையே இல்லாத அச்சுப்படி ஒன்றும் உண்டு. ஆய்வாளர்கள் இப்படத்தைத் 'தலையற்ற குதிரைவீரன்' என்றே அழைக்கின்றனர்.

நீண்ட உழைப்பில் உருவான தகட்டை வீணாக்க மனமில்லாத வணிகச் சிக்கனம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை. முடியாட்சியை ஒழித்தவருக்கும் மன்னருக்குரிய அதே குதிரையும் கோலும் பொருந்தின என்றால், அவை அரசகுலத்தைவிட ஆணையிடும் பதவியையே குறித்தன எனலாம்.

அதே காலத்தில் பாரிஸில் ரொபேர் நாந்தேய் என்ற செதுக்குக் கலைஞர் வேறு வழியில் சென்றார். நீள்வட்டச் சட்டத்துக்குள் மார்பளவு உருவம், கீழே குலமுத்திரை, பெரும்பாலும் அவ்வளவே. இமையின் தளர்வையும் உதட்டோரச் சுருக்கத்தையும் நுண்கோடுகளாலும் புள்ளிகளாலும் அவர் பதித்த அமைச்சர்களின் படங்களில், முகத்தை அழித்தால் விற்பதற்கு எதுவும் மிஞ்சியிராது.