பசார் மாலாம் மூட்டுவலி மாத்திரையும் கெலுலுட் தேனும்: ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இது மலேசியாவுல சுங்கை சிப்புட்டுலேர்ந்து ஒரு சகோதரி அனுப்பின கேள்வி. "அம்மாவுக்கு 68 வயசு, தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) வெட்டினவங்க. முழங்கால் வலி. இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்) மெட்பார்மின், கிளிக்லசைட், பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறாங்க. பசார் மாலாம்ல (இரவுச் சந்தை) வாங்கின மூலிகை மாத்திரையை நாலு வாரமா குடுக்கிறோம், ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு. கெலுலுட் தேனும் (கொட்டாத சின்னத் தேனீயோட தேன்) குடுக்கிறோம். ரெண்டும் தரமானதுதானா, தொடர்ந்து குடுக்கலாமா?"

முதல்ல மாத்திரை. சகோதரி, அந்த "ரெண்டே நாள்"தான் எனக்குப் பயமா இருக்கு. தேய்ஞ்ச மூட்டுக்கு எந்த மூலிகையும் அவ்வளவு வேகமா வேலை செய்யாது. வேலை செஞ்சா, உள்ள டெக்ஸாமெத்தாசோன், பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், இல்லன்னா டைக்ளோபினாக் மாதிரி வலி மருந்து. நம்ம நாட்டுல மூட்டுவலி மூலிகைப் பொருள்கள்ல இந்தக் கலப்பை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்காங்க. அம்மா முகம் உப்பியிருக்கா, பசி கூடியிருக்கா, காலையில எடுக்கிற சர்க்கரை அளவு ஏறியிருக்கா, லேசா இடிச்சாலே தோல் கன்னிப்போகுதான்னு பாருங்க. மலம் கறுப்பாப் போனா வயித்துல ரத்தம் கசியுதுன்னு அர்த்தமா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இங்கதான் பலர் தப்பு பண்றாங்க. பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஸ்டீராய்டு சில வாரம் வெளியிலேர்ந்து வந்தா, சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைச்சிடும். திடீர்னு நிறுத்தினா வாந்தி, கடும் அசதி, பிரஷர் இறங்கி மயக்கம், சர்க்கரையும் சட்டுனு விழும். அதனால நாளைக்கே மாத்திரையை டப்பா, உறை எல்லாத்தோடவும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) கொண்டு போங்க. "நாலு வாரமா, நாளைக்கு இத்தனை" அப்படின்னு கணக்கைச் சொல்லுங்க. எப்படிக் குறைக்கணும்கிறதை டாக்டர்தான் சொல்லணும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகச் சோதனை மூணும் கேட்டு எடுத்துக்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கிறது? டப்பாவுல பதிவு எண்ணா எம்.ஏ.எல்.னு மூணு எழுத்து, பிறகு 8 இலக்கம், கடைசியில 'டி'ன்னு ஓர் எழுத்து இருக்கணும். 'டி' பாரம்பரிய மருந்து, 'என்' சத்து மாத்திரை. எண் இருந்தா மட்டும் போதாது, இன்னொரு பொருளோட எண்ணை அச்சடிச்சிருப்பாங்க. மருந்துகளைப் பதிவு செய்ற அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வோட இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டு, வர்ற பேரும் தயாரிப்பாளரும் டப்பாவோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. டப்பாவுல ஒட்டியிருக்கிற பாதுகாப்பு முத்திரையான பார்மாடேக் ஹோலோகிராம் ஸ்டிக்கரை பார்மாசெக்கர் ஆப்ல ஸ்கேன் பண்ணலாம். ஹலால் முத்திரை மருந்து அனுமதி ஆகாது. பதிவான பாரம்பரிய மருந்துல ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3, இதுக்கு மேல இருக்கக் கூடாது. வீட்டுல யாராலும் இதைச் சோதிக்க முடியாது, அந்தப் பதிவுக்கு மதிப்பே அதுலதான்.

இப்ப தேன். சுத்தமான தேன் உணவுக் கணக்குல வரும், மருந்து எண் தேவையில்ல. மூலிகைப் பொடி கலந்து 'இனிப்புநீர் தீரும்'னு வித்தா அது வேற கதை, எண்ணைக் கேளுங்க. எறும்பு வராது, தீக்குச்சி எரியும், தண்ணியில கரையாம நிக்கும்னு சொல்ற சோதனைகளை மறந்துடுங்க, கெட்டியான சர்க்கரைப் பாகும் அதுல தேறிடும். கெலுலுட் தேனுக்கு எம்.எஸ். 2683ன்னு 2017ல மலேசியத் தர நிர்ணயம் வந்திருக்கு: ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்குள்ள, பி.எச். (புளிப்பு அளவு) 2.5லேர்ந்து 3.8, சூடுபட்டா ஏறுற எச்.எம்.எப்.ங்கிற பொருள் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்குள்ள. அப்படின்னா நல்ல கெலுலுட் தண்ணியா, புளிப்பா இருக்கும். கெட்டியா, திகட்ட இனிச்சா கேள்வி கேக்கணும். ஆய்வக அறிக்கை காட்டினா, அதுல உள்ள தொகுதி எண்ணும் பாட்டில்ல உள்ளதும் ஒண்ணான்னு பாருங்க. பழைய ஒரே அறிக்கையை வருஷக்கணக்கா காட்டுறவங்க உண்டு. பாட்டிலைப் பிரிட்ஜுல வைங்க, காருக்குள்ள விடாதீங்க. புளிச்சு காத்து சேரும், மூடியை மெல்லத் திறங்க.

அம்மாவுக்குக் குடுக்கலாமா? ஒரு தேக்கரண்டி தேன்ல ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரை. கெலுலுட்ல டிரெஹலுலோஸ்னு மெதுவா செரிக்கிற சர்க்கரை இருக்குங்கிறது உண்மைதான், ஆனா குளுக்கோஸும் பிரக்டோஸும் கூடவே இருக்கு. குடுத்தா அன்னைக்குச் சோத்துலயோ பலகாரத்துலயோ அவ்வளவைக் குறைக்கணும். ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்குல தடவக்கூட வேண்டாம், போட்டுலிசம்ங்கிற கிருமி நச்சு நோய் வர்ற ஆபத்து. இனிப்புநீர்க்காரர் கால் புண்ணுல சமையலறைத் தேனை ஊத்தாதீங்க, புண்ணுக்குன்னு கிருமி நீக்கின தேன் தனியா இருக்கு. தேனீயைக் கொட்ட விடுற சிகிச்சை வேண்டவே வேண்டாம். முன்னாடி பல தடவை தாங்கினவங்களுக்கும் திடீர் ஒவ்வாமையில உயிர் போயிருக்கு.

இன்னும் ஒண்ணு, கிளிக்லசைடோட சிறுகுறிஞ்சான், பாகற்காய்ப் பொடி சேர்த்தா சர்க்கரை ரொம்ப இறங்கலாம். அதிமதுரம் பிரஷரை ஏத்தும். ஆடுதின்னாப்பாளை சிறுநீரகத்தையே கெடுக்கும், யார் சொன்னாலும் தொடாதீங்க. சித்த வைத்தியர்கிட்ட போறதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா பாரம்பரிய மருத்துவச் சட்டம் 775ன் கீழ பதிவானவரான்னு கேளுங்க. கிளினிக் மருந்துப் பட்டியலைக் காட்டுங்க, அதைப் பார்க்க விரும்பாதவர்கிட்ட மருந்து வாங்காதீங்க. அதே மாதிரி, அடுத்த முறை கிளினிக்ல மருந்து எடுக்கும்போது கஷாயம், பொடி, தேன் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு மருந்தாளர் முன்னாடி வைங்க. அவர் திட்டுவாரோன்னு மறைக்காதீங்க. மீதி இருக்கிற மாத்திரையை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துடாதீங்க, அது ஆய்வுக்குத் தேவைப்படும்.