சரக்கு அகப்பட்டது, ஆளை யார் வாங்கிக்கொள்வது?

(சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் பேசியது. பேசின மாதிரியே எழுதியிருக்கிறேன், கொஞ்சம் வெட்டி.)

எல்லாருக்கும் வணக்கம். போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதில் பிராந்திய நாடுகளின் ஒத்துழைப்பு என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். கேட்டாலே தூக்கம் வருகிற தலைப்பு. அதனால் ஒரு படகிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2014 ஏப்ரல். கென்யாவின் மொம்பாசாவுக்குக் கிழக்கே, கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘டார்வின்’ ஒரு மரக்கலத்தை மறிக்கிறது. ‘டவ்’ என்பார்கள், நம் தூத்துக்குடித் தோணிக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறிப் பார்த்தால் சிமெண்ட் மூட்டை. மூட்டைகளைப் புரட்டப் புரட்ட நடுவில் 46 சாக்கு, அதற்குள் 1,032 கிலோ ஹெராயின். ஆப்கானிஸ்தானில் விளைந்து, பாகிஸ்தான், ஈரானின் மக்ரான் கரையில் படகேறி, ஆப்பிரிக்கக் கரைக்குப் போகிற வழி இது.

அந்தப் போர்க்கப்பல் பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கடற்படைக் கூட்டணியில் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி பரிமாறுவது, ரோந்து போவது எல்லாம் அங்கே நன்றாகவே நடக்கிறது. பிடித்த பிறகுதான் கோளாறு. அந்தக் கூட்டணியின் நெடுநாள் வழக்கம் என்னவென்றால், மாதிரி எடுத்துக்கொண்டு சரக்கை அழித்துவிட வேண்டியது, படகில் இருந்தவர்களை அதே படகில் அனுப்பிவிட வேண்டியது. ஒரு டன் ஹெராயின் ஏற்றி வந்தவன் கை வீசிக்கொண்டு ஊர் திரும்புவான். எனக்கு இதை முதலில் படித்தபோது நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை படித்தேன்.

ஏன் இப்படி? ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். 108-வது பிரிவு, போதைக் கடத்தலை ஒடுக்க எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் நடுக்கடலில் அந்நியக் கப்பலில் எதற்கெல்லாம் ஏறலாம் என்று 110-வது பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது: கடற்கொள்ளை, அடிமை வணிகம், எந்த நாட்டையும் சேராத கப்பல், அனுமதியில்லாத வானொலி ஒலிபரப்புகூட இருக்கிறது. போதை இல்லை! ஒரு நாட்டில் பதிந்து அதன் கொடியோடு ஓடுகிற கப்பலென்றால், போதைக் கடத்தலுக்கு எதிரான 1988 வியன்னா உடன்படிக்கையின் 17-வது பிரிவுப்படி அந்தக் கொடிக்குரிய நாட்டிடம் சம்மதம் வாங்க வேண்டும். இந்த மரக்கலங்களில் பலவற்றுக்குக் கொடியும் கிடையாது, பதிவும் கிடையாது, அதனால் ஏறலாம். ஏறிவிட்டு ஆளைக் கைது செய்து எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது என்றால், அதற்குப் பிடித்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்கா 1986-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டு, பசிபிக்கில் பிடிக்கிற ஆளைத் தன் ஊர் நீதிமன்றத்துக்கே இழுத்துப் போக வழி செய்துகொண்டது. இந்தியப் பெருங்கடல் பக்கத்து நாடுகள் பலவற்றில் அப்படி இல்லை.

கடற்கொள்ளையை ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2009-இல் கென்யாவும் செஷல்ஸும் ஒப்பந்தம் போட்டு, ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்த சோமாலியக் கொள்ளையரை வாங்கி விசாரித்தன. நம் நாட்டில் 2022-இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் ‘ருயென்’ என்ற கப்பலிலிருந்து பிடித்த 35 கொள்ளையரை நம் போர்க்கப்பல் ‘ஐஎன்எஸ் கொல்கத்தா’ மும்பைவரை கொண்டுவந்து போலீசிடம் ஒப்படைத்தது. ஆக, மனம் வைத்தால் ஆளை வாங்கிக்கொள்ள முடிகிறது.

நம் கடலிலும் நடந்தது. 2020 நவம்பர், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல்படை ஓர் இலங்கை மீன்பிடிப் படகை மறித்தது. காலி எரிபொருள் தொட்டிக்குள் 99 பொட்டலம், ஏறத்தாழ நூறு கிலோ ஹெராயின். கூடவே ஐந்து கைத்துப்பாக்கி, ஒரு துரையா சாட்டிலைட் போன். நடுக்கடலில் பாகிஸ்தான் மரக்கலத்திலிருந்து மாற்றி ஏற்றியது என்றார்கள். படகில் இருந்த ஆறு பேரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள், வழக்காயிற்று. இங்கே பதிவுள்ள படகு, பக்கத்து நாடு, பிடித்தவருக்கே கரை கிட்டத்தில். இந்த மூன்றும் சேர்வது அபூர்வம்.

இன்னொன்று சாட்சி. படகில் ஏறிய மாலுமி இரண்டு வருஷம் கழித்து வேறு நாட்டு நீதிமன்றத்தில் வந்து, இந்தப் பொட்டலத்தை நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவர் எந்தக் கப்பலில் இருப்பாரோ! மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காகிதம் வேண்டும். நாட்டுக்கு நாடு அந்தக் காகிதமே வேறு. மாநாடு நடத்துகிற செலவில் பாதியை இந்தக் காகிதத்தை ஒரே மாதிரி ஆக்குவதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “சார், விட்டுவிட்ட அந்தப் படகு அப்புறம் என்ன செய்யும்?”

“தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் கரையில் கிடக்கும்மா, அந்தக் கடலில் சின்ன மரக்கலம் ஓட்ட முடியாது” என்றேன். “செப்டம்பர் வாக்கில் காற்று தணியும்.”